முளை அடித்த இடம்

உத்திரமேரூர்
8.2.1981

ஜெயம்மாள் அக்காவுக்கு,

உங்கள் அம்மா சௌக்கியம். அண்ணன் ஏசுதாசும் சௌக்கியம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதெல்லாம் அருவருப்பு. சாப்பிடும்போது படிக்காதீர்கள்.

போன புதன்கிழமை நம் தண்ணீர் ஆராய்ச்சித் திட்டத்தைப் பார்க்க நிபுணர்கள் வந்தார்கள். இரண்டு வேன். அடுத்த மாதம் நீங்கள் இருக்கிற ஆம்ஸ்டர்டாமில் சுகாதாரம், சமுதாயம், உலக அரசியல் என்று கருத்தரங்கம் நடத்தப்போகிறவர்கள். அதற்கு முன்னால் ஒரு கிராமத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று திட்டத்தை நடத்துகிற நம் புரொபசர் அனுப்பிவைத்தாராம். தாடி வைத்த ஒரு வெள்ளைக்கார டாக்டர், கதர் ஜிப்பா போட்ட ஒரு டெல்லிக்காரர், மற்றவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

முதலில் பெருநகர் ரோட்டில் இருக்கிற நம் கெஸ்ட் ஹவுசுக்குத்தான் போனார்கள். அங்கே முற்றத்தில் சிமெண்டுத் தொட்டியில் ஒரு அடிபம்பை நட்டு வைத்திருக்கிறார்களே, அடியில் குழாயே இல்லாமல் தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்ப இறைப்பது, அதை ஆளுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு உங்கள் கொளத்தாங்கலுக்கு வந்தார்கள், நான் போன வருஷம் ஊருக்குள் இறக்கிய நிஜப் பம்பைப் பார்க்க.

அங்கே தினமும் நடப்பது உங்களுக்குத் தெரியும். காலனிப் பெண்கள் குடத்தை மேடைக்குக் கீழே வைத்துவிட்டுப் புங்கமரத்தடியில் தள்ளி நிற்க வேண்டும். ஊர்ப் பெண்கள் பிடித்து முடித்து, யாருக்காவது மனசு வந்தால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். வராவிட்டால் குட்டைத் தண்ணீர்தான். அன்றைக்கு மட்டும் ஊர்ப் பெரிய மனுஷர் ராஜாராம் முதலியார் காலையிலேயே காலனிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். எல்லாரும் குளித்துவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும், இன்றைக்கு ஒரு நாள் அவர்களே அடித்துக்கொள்ளலாம் என்று.

உங்கள் அம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்கள்: "இன்னிக்கி ஒரு நாள்தானா நைனா? இல்ல நாளைக்கும் போட்டோ புடிக்கிறாங்களா?"

வேன் வந்து நின்றுவிட்டதால் முதலியார் சிரித்துத் தொலைத்தார். தாடிக்காரர் உங்கள் அம்மாவோடு சேர்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். டெல்லிக்காரர், இந்தத் தண்ணீர் உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது என்று கேட்டார். நம் கள அதிகாரி பச்சமுத்து அதைத் தமிழில் சொன்னார்.

"மாத்தறதுக்கு மொதல்ல குடுக்கணுமே சாமி" என்றார்கள் அம்மா.

பச்சமுத்து இங்கிலீஷில் சொன்னது: மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்களாம். டெல்லிக்காரர் குறித்துக்கொண்டார். வந்தவர்களில் ஒருத்தர்கூட அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. பிளாஸ்கில் கொண்டுவந்ததைக் குடித்தார்கள்.

வேன் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் முதலியார் வீட்டிலிருந்து சாணி கரைத்த தண்ணீர் வந்தது, பக்கெட் பக்கெட்டாக. கைப்பிடியைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். மேடையைக் கழுவினார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பம்பின் தலையிலிருக்கும் மூடியைக் கழற்றி உள்ளேயும் ஊற்றினார்கள். கைப்பிடி உள்ளே இருக்கிற சங்கிலியை இழுக்கிறதாம், அதனால் சங்கிலிக்கும் தீட்டு ஒட்டியிருக்குமாம்!

"யோவ், அது நேரா குழாய்க்குள்ள போவுதுய்யா! நாளைக்கு நீங்கதான் குடிக்கப்போறீங்க!" என்று கத்தினேன்.

"பசுஞ்சாணி சுத்தம்டா தம்பி. நீ மிசினப் படிச்சவன், அத்தப் படிக்கல" என்றார் முதலியார். பக்கத்திலிருந்தவன் கேட்டான், "அந்தக் காலனிப் பொண்ண நீ அக்கான்னு கூப்டுறியாமே, மெய்யா?" ஆமாம் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் துளை போடுகிற ரிக் வண்டி இந்தப் பக்கம் வருகிறது. ஒரே ஒரு துளைக்குத்தான் அனுமதி. எங்கே தெரியுமா? கெஸ்ட் ஹவுசுக்கு. அடுத்த கருத்தரங்கம் இங்கே நடக்குமாம், வெள்ளைக்காரக் கக்கூசுக்குத் தண்ணீர் போதாதாம். அது போய்விட்டால் வண்டி தென்னாற்காடு பக்கம் போய்விடும், மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயில் வருகிறது. குட்டை இப்போதே பச்சையாக இருக்கிறது.

புரொபசர் உங்கள் கட்டடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துளையைக் காலனிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும்.

சின்னராசு

*

ஆம்ஸ்டர்டாம்
20.2.1981

தம்பி சின்னராசுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடும்போதுதான் படித்தேன். இங்கே தினமும் வேகவைத்த உருளைக்கிழங்கு. அதில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை.

என் அறை ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால். தெருவுக்குத் தெரு வாய்க்கால். யாரும் அதைக் குடிப்பதில்லை, யாரும் அதன் ஓரத்தில் காத்திருப்பதும் இல்லை. படகு விடுகிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே, பொய் சொல்கிறேன் என்பாள்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், அதற்கப்புறம் திட்டு.

கருத்தரங்கத்தில் புரொபசர் படிக்கப்போகிற கட்டுரையை டைப் அடித்துக் கொடுப்பது நான்தான். அதில் ஒரு படம் இருக்கிறது. ஒரு கோடு கொளத்தாங்கல் ஊர், பம்பு வந்த பிறகு பேதி குறைந்து கீழே இறங்குகிறது. இன்னொரு கோடு எங்கள் காலனி, இறங்கவே இல்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிற அகலம்தான் தம்பி அந்தக் கட்டுரை. காலனியை அவர்கள் மறந்துவிடவில்லை. அதற்கு ஒப்பீட்டுப் பகுதி என்று பெயர். ஜூன் மாதம் இரண்டாவது கணக்கெடுப்பு முடிகிறவரை அது அப்படியே இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் வந்துவிட்டால் கோடு இறங்கிவிடும், ஒப்பிட ஒன்றும் இருக்காது.

காலனிக் கோட்டுக்கு மேலே, போன ஆடி மாதத்துக்கு நேராக, சாவைக் குறிக்கிற ஒரு புள்ளி தனியாக நிற்கிறது. புரொபசர் அதைப் பென்சிலால் தட்டி, இது சுவாரஸ்யமானது என்றார். போன ஆடியில் காலனியில் பேதியில் போனது ஒரே குழந்தை. எங்கள் அண்ணன் மகள் மேரி. நான்தான் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தேன். எங்கள் வீட்டுக்கும் போய் எடுத்தேன்.

நான் வாயைத் திறந்தால் அடுத்த வருஷம் நம் பக்கத்துப் பெண் ஒருத்தியையும் இங்கே கூட்டிவரமாட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல நியாயம்தான். ரொம்ப நன்றாக இருப்பதால்தான் சந்தேகமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் உன்னையும் கேட்கிறேன். ஊர்ப் பம்புக்குத் துளை போடுகிற இடத்தைக் குறித்து முளை அடித்தது யார்? நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற உன் மீட்டரின் முள் எங்கே ஆடியதோ அங்கே அடித்தாய். அது யார் வீட்டு எதிரே, எந்தத் தெரு என்று நீ நிமிர்ந்து பார்த்தாயா? புங்கமரத்தடி நிழல் நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாய். அந்த நிழலில் யார் நிற்கப்போகிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். நானும் சொல்லவில்லை.

அக்கா
ஜெயம்மாள்

*

உத்திரமேரூர்
4.3.1981

அக்காவுக்கு,

ஒப்பீட்டுப் பகுதி! அந்த வார்த்தையைப் படித்துவிட்டு டீக்கடையிலேயே காறித் துப்பினேன். கடைக்காரர் டீ நன்றாக இல்லையோ என்று நினைத்துக்கொண்டார்.

இத்தனை நாள் நான் இவர்களைச் சோம்பேறிகள் என்றுதான் நினைத்திருந்தேன். காலனியைப் பார்க்கவில்லை, பார்த்தால் செய்வார்கள் என்று. இவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாகமாக இருக்கிறவனைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, எவ்வளவு நாள் தாங்குகிறான் என்று பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதலியார் பரவாயில்லை. அவர் இதற்குப் பட்டம் வாங்கவில்லை.

அவர் கதையைக் கேளுங்கள். போன கடிதத்தை நான் தபாலில் போட்ட மறுநாளே ஊரில் ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. சாணித்தண்ணீர் எங்கே போகும் என்று நான் சொன்னேனோ அங்கேதான் போயிருக்கிறது. ராஜாராம் முதலியார் சொம்பும் கையுமாகச் சவுக்குத் தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் பிளீச்சிங் பவுடர் எடுத்துக்கொண்டு போனபோது தோப்புக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்:

"பாத்தியாடா சின்னராசு? காலனிக்காரிங்க தொட்டாங்க, ஊரே கெட்டுப்போச்சி!"

"தொட்டதால இல்ல முதலியார், நீங்க கழுவுனதால."

"இன்னாது?"

"உங்க சாணிய நீங்களே குடிச்சீங்க. இப்ப வெளிய வருது."

பதிலுக்கு வேறு சத்தம் வந்தது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

பம்பைக் கழற்றி, பவுடர் கரைத்து ஊற்றி, தண்ணீர் தெளிகிறவரை அடித்தேன். அவர்கள் மறுபடி மூடியைத் திறக்காமலிருக்க போல்ட்டுத் தலையை வெல்டு வைத்துவிட்டேன். நடந்ததைப் பச்சமுத்துவிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இன்னா தம்பி இது, சாணி கீணின்னு? புரொபசர் பாத்தா பேஜாராயிடும்" என்று சொல்லி, திட்டத்தின் வாரக் குறிப்பில் பருவகாலப் பேதி என்று போட்டு அனுப்பினார்.

நேற்று புரொபசரிடமிருந்து தந்தி. துளை கெஸ்ட் ஹவுசுக்கு மட்டும், ஜூன் வரை காலனியில் எந்த வேலையும் கூடாது. நான் கேட்காமலே வந்திருக்கிறது. அப்படியென்றால் அவருக்கே தோன்றியிருக்கிறது, யாராவது கேட்பார்கள் என்று.

முளை விஷயம். மீட்டர் காட்டிய இடத்தில் அடித்தேன். பாறை எங்கே வெடித்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் இருக்கும். அது பாறையின் குணம். நான் என்ன செய்ய? அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலனிக்கு மீட்டர் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் முள் நன்றாக ஆடுகிறது. இது உங்களுக்கு மட்டும்.

சின்னராசு

*

ஆம்ஸ்டர்டாம்
17.3.1981

தம்பி சின்னராசுக்கு,

கேட்டுவிட்டேன்.

கருத்தரங்கக் கூடத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு போட்டோ ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாடிக்காரரும் என் அம்மாவும் பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி. அம்மா அந்த நீலப் புடவையில் இருக்கிறாள், மேரி ஞானஸ்நானத்துக்கு எடுத்தது. பார்த்தவர்களெல்லாம் என்ன அழகான சிரிப்பு என்றார்கள். அவள் எப்போது அப்படிப் பல்லைக் கடித்துச் சிரிப்பாள் என்று எனக்குத்தான் தெரியும்.

புரொபசர் படித்தார். கோடுகள் திரையில் வந்தன. காலனிக் கோடு இறங்காததற்குக் காரணம் அந்த மக்களின் பழக்கவழக்கம், புதிய தண்ணீரை ஏற்றுக்கொள்கிற மனநிலை இன்னும் அவர்களுக்கு வரவில்லை என்றார். அந்த வரியை நான் டைப் அடிக்கவில்லை. கையால் பிறகு சேர்த்திருக்கிறார். அதைக் கேட்டதும் என் கால் தானாகவே எழுந்து நின்றுவிட்டது.

என் பெயரையும் ஊரையும் சொன்னேன். வாசலில் சிரிக்கிறவள் என் அம்மா என்றேன். அவள் அந்தக் கைப்பிடியைத் தொட்டது அந்த ஒரு நாள்தான் என்றேன். புங்கமரத்தைச் சொன்னேன். சாணித்தண்ணீரைச் சொன்னேன். திரையில் தனியாக நிற்கிற அந்தப் புள்ளியின் பெயர் மேரி, தவழ ஆரம்பித்திருந்தாள் என்றேன். எங்கள் காலனிக்கு ஒரு துளை போட்டால் உங்கள் கோடு இறங்கிவிடும், அதனால் போடவில்லை, இதைச் சரி என்று சொல்கிறவர்கள் யாராவது கையைத் தூக்குங்கள் என்றேன்.

யாரும் கையைத் தூக்கவில்லை. கைதட்டினார்கள்.

ஆமாம் தம்பி. எழுந்து நின்று கைதட்டினார்கள். தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் குற்றத்தில் நாம் எல்லோரும் பங்காளிகள் என்றார். அதற்கப்புறம் யாருக்கு எவ்வளவு பங்கு என்று விவாதம் ஆரம்பித்தது. காலனி ஆட்சிதான் மூலகாரணம் என்றார் ஒருவர். இல்லை, கடன் கொடுக்கிற பெரிய நாடுகள் என்றார் இன்னொருவர். சாதி என்பது நிலவுடைமையின் நிழலா, இல்லை தனிப்பொருளா என்று டெல்லிக்காரர் கேட்டதும் கூடமே சூடாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடிக்கிறவரை பேசினார்கள். ஒரு தடவைகூட யாரும் ரிக் வண்டி எப்போது வருகிறது என்று கேட்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இதைக் கட்டுரையாக எழுதித் தர முடியுமா, எங்கள் பத்திரிகையில் போடுகிறோம் என்றாள்.

நடைபாதையில் புரொபசர் வந்தார். "நீ உணர்ச்சிவசப்பட்டுட்டம்மா. ஜூன் கணக்கு முடியட்டும். முதல் பம்பு உங்க காலனிக்குத்தான், என் வார்த்தை."

"ஜூனுக்குள்ள இன்னொரு புள்ளி வந்தா சார்?"

"அப்படிப் பேசாதே" என்றார். வராது என்று சொல்லவில்லை.

கக்கூசுக்குப் போனேன். சங்கிலியை இழுத்தேன். அம்மா புங்கமரத்தடியில் காலையிலிருந்து நின்று வாங்குகிற தண்ணீர் ஒரே இழுப்பில் போயிற்று. நல்ல தண்ணீர், குடிக்கலாம். இன்னொரு தடவை இழுத்தேன், சும்மா, பார்ப்பதற்கு.

ரிக் வண்டி என்றைக்கு வருகிறது என்று எழுது. முளை அடிப்பது யார் வேலை என்பது எனக்கு மறந்துவிட்டது, அதையும் எழுது.

அக்கா
ஜெயம்மாள்

*

தாமல்
4.4.1981

அக்காவுக்கு,

மேலே ஊர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உத்திரமேரூர் அறையைக் காலி செய்தாயிற்று. திட்டத்தில் எனக்கு இனி வேலை இல்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் அவருடைய மோட்டார் நின்றுபோனதால் பேசினார்.

முளை அடிப்பது என் வேலைதான். உங்களுக்கு மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ரிக் வருவதற்கு முன்னால் கெஸ்ட் ஹவுஸ் பின்பக்கம் பச்சமுத்து பார்க்க ஒரு முளை அடித்தேன், சிவப்புப் பெயிண்டு பூசி, திட்ட எண் எழுதி. ரிக் வந்த அன்று காலை பச்சமுத்து நாஷ்டாவுக்குப் போனார். அவர் நாஷ்டா உங்களுக்குத் தெரியுமே, இட்லி, வடை, பிறகு பூரி. நான் முளையைப் பிடுங்கி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு காலனிக்கு மிதித்தேன்.

மீட்டர் காட்டிய இடம் இரண்டு என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஒன்று ஜெபக்கூடத்துப் பின்னால், ஒன்று ரோட்டு ஓரம். ரோட்டு ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். உங்கள் அம்மாவைக் கூப்பிட்டு எந்த இடம் என்று கேட்டேன்.

"எந்த எடத்துல போட்டா ஊர்லருந்து எவனும் வந்து நடுவுல நிக்க முடியாதோ, அங்க போடு" என்றார்கள்.

ஜெபக்கூடத்துப் பின்னால். சுற்றி நாலு பக்கமும் காலனி வீடுதான். ஏசுதாஸ் அண்ணன் முளையை வாங்கி அவரே அடித்தார். ஒரு முளைக்கு அத்தனை அடி தேவையில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ரிக் வண்டியை ரோட்டிலேயே மறித்து, அதை ஓட்டுகிற செங்கேணியிடம் இடம் மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்தேன். அவர் என்னைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார், வண்டியை முளைப் பக்கமாகப் பின்னால் எடுத்தார். கம்ப்ரசர் சத்தம் கேட்டு ராஜாராம் முதலியார் நாலு பேரோடு வந்துவிட்டார். காலனிக்குள் அவர் கால் வைத்ததை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஜெபக்கூடத்து வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினார்.

"இன்னாடா இது? கெஸ்ட் அவுசுக்கு வந்த வண்டி சேரிக்குள்ள பூந்துகீது? நிறுத்துடா!"

செங்கேணி கம்ப்ரசரை நிறுத்தவில்லை. மேலேயிருந்தே கத்தினார்: "மொள எங்க கீதோ அங்க தொள போடறது என் வேலை! எந்தத் தெருன்னு பாக்கறது என் வேலை இல்ல! வேணும்னா நீங்களே வந்து புடுங்குங்க!"

முளைக்கும் முதலியாருக்கும் நடுவில் காலனி மண்ணும் காலனி ஆட்களும். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ நம்ம பையன்டா. உனக்கு இன்னாடா வந்துது?"

"நம்ம பசங்க சாணி ஊத்துன தண்ணியத்தான் நான் கையால தெளிய வச்சேன் முதலியார். மூக்கு இன்னும் நாறுது" என்றேன்.

பச்சமுத்து தேடிப்பிடித்து வருவதற்குள் மத்தியானமாகி, நூற்றைம்பது அடி இறங்கிவிட்டது. முதலில் வெள்ளைத்தூள், பிறகு சேறு, பிறகு தண்ணீர் ஜெபக்கூடத்து ஓட்டுக்கு மேலே எழும்பியது. பச்சமுத்து தலையில் கை வைத்து மேட்டில் உட்கார்ந்துவிட்டார். சேறு அவர் சட்டையில் எல்லாம்.

துளை இருந்து பம்பு இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டை. ஸ்டோர் சாவியைப் பச்சமுத்து அப்போதே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். உள்ளே இறக்குகிற குழாயும் சிலிண்டரும் ரிக்கோடு வந்திருந்தன. மேலே கைப்பிடியோடு நிற்கிற தலை மட்டும்தான் வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் முற்றத்துக்கு சாவி கிடையாதே. தொட்டித் தண்ணீரைத் தொட்டிக்கே இறைத்துக்கொண்டிருந்த அந்தக் கண்காட்சிப் பம்பை நானும் ஏசுதாஸ் அண்ணனும் பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு வந்தோம். வாட்ச்மேன் கேட்டதற்கு ரிப்பேர் என்றேன். பொய் இல்லை. அந்தப் பம்புக்கு ரிப்பேர் அது.

முதல் குடம் உங்கள் அம்மா அடித்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள்.

"துரு நாத்தம் அடிக்குது தம்பி."

"கொஞ்ச நாள் அடிச்சா போயிடும்மா."

"போவாட்டி இன்னா. எங்க நாத்தம்தான."

போலீசில் எழுதுவோம் என்று பச்சமுத்து சொன்னார். எழுதினால் காலனிக்கு ஏன் தண்ணீர் இல்லை என்று முதலில் எழுத வேண்டிவரும், அதனால் எழுதமாட்டார்கள் என்று நினைக்கிறேன். துளையை மூடவும் முடியாது, மூடினால் போட்டோ எடுக்க யாராவது வந்துவிடுவார்கள். அந்தப் பயம் அவர்களுக்கு இருக்கிறது. என் வேலையைத்தான் மூடினார்கள்.

உங்கள் புரொபசர் இதற்குள் தந்தி பார்த்திருப்பார். உங்கள் பாடு என்ன என்று எழுதுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான். அதற்காக வருத்தப்படமாட்டேன், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னராசு

*

ஆம்ஸ்டர்டாம்
16.4.1981

தம்பி சின்னராசுக்கு,

நான் மே மாதம் ஊருக்கு வருகிறேன். இன்னொரு வருஷம் இருக்கலாம் என்று சொல்லியிருந்தது ரத்தாகிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. வந்தால் சொல்கிறேன். காலனிப் பெண் ஒருத்தியை அடுத்த வருஷம் கூட்டிவருவார்களா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அந்த நல்ல நியாயத்தை இங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.

தந்தி வந்த அன்று புரொபசர் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. ஒரு கிராமத்தின் மூன்று வருஷ உழைப்பை ஒரு மெக்கானிக் ஒரு காலையில் பாழாக்கிவிட்டான் என்றார். அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. மேரியின் புள்ளியைப் பென்சிலால் தட்டும்போது அந்த முகம் வாடியதை நான் பார்த்ததில்லை.

சாணித்தண்ணீர் வாரத்தை என்ன செய்தார்கள் என்று கேட்பாய். கருத்தரங்கத்தில் படித்த கட்டுரையில் அப்படியே இருந்தது, பருவகால மாறுதல் என்ற பெயரில். அதனால் ஆய்வு கெடவில்லையாம்.

அம்மாவின் போட்டோவை வாசலிலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தாடிக்காரர் இருக்கிற பாதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணன் ஏதாவது யோசனை சொல்வான்.

போகிறதற்கு முன்னால் திருத்திய கட்டுரையை டைப் அடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார் புரொபசர். அடித்தேன். கொளத்தாங்கலின் இரண்டு கோடுகளும் அதில் இல்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும். நம் பாஷையில் எழுதினால் இப்படி வரும்:

"இக்கிராமத்தின் ஒப்பீட்டுப் பகுதி மக்களுக்குக் குடிநீர் கிடைத்துவிட்டதால், இது ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது."

பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இல்லை. ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அக்கா
ஜெயம்மாள்